வரலாற்று வகுப்பின் ஒழுங்குகள்

பாடசாலைகளிற் கற்பிக்கப்படும் பாடங்களுள் வரலாற்றைப் போலத் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்ட பாடம் பிறிதொன்று இல்லை. நினைவாற்றல் உள்ள மாணவனுக்கு அஃது எளிய பாடம், இல்லாதவனுக்குச் சுமை என்பதே பெற்றோர் பலரது எண்ணம். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவதும், எழுதியதை ஒப்புவிப்பதும், ஒப்புவித்ததைப் பரீட்சைத் தாளில் இறக்கிவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே மறந்துவிடுவதுமே வரலாறு கற்றல் எனப் பல வகுப்புகளில் நிலைத்துவிட்டது. 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தின்போது வரலாறு தன் தனிப்பெயரை இழந்து சமூகக்கல்வி என்னும் பாடத்துள் அடங்கிற்று. பின்னர் அது தனிப்பாடமாக மீண்டு வந்தது. ஆயினும் பெயர் மீண்டு வந்த அளவுக்கு, அதைக் கற்கும் முறை மீண்டு வந்ததா என்பது கேட்கத்தக்க வினாவாகும்.

பத்தாந் தரத்திற் புதிதாக அமரும் மாணவருக்கு ஆசிரியர் முதற் பாடவேளையிலேயே பாடநூலின் முதற் பக்கத்தைத் திறந்துவிடுதல் நன்றன்று. இவ்வகுப்பில் எங்ஙனம் வாசிப்பது, எங்ஙனம் எழுதுவது, எங்ஙனம் பேசுவது, ஒருவர் சொல்வதை மற்றவர் எங்ஙனம் மறுப்பது என்பனவற்றை முதலில் வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். நேரத்துக்கு வருதல், கொப்பியைக் கொண்டுவருதல், வீட்டு வேலையைக் குறித்த நாளிற் காட்டுதல் என்பன எல்லாப் பாடங்களுக்கும் பொதுவானவை. அவற்றைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. வரலாற்றுக்கே உரிய ஒழுங்குகள் சில உள. அவையே இங்கு நோக்கத்தக்கவை.

முதலாவது கொப்பியைப் பற்றியது. விரித்துவைத்த கொப்பியில் வலப்பக்கம் குறிப்புகளுக்கும், இடப்பக்கம் வினாக்களுக்கும் என ஒதுக்கப்படல் வேண்டும். வலப்பக்கத்தில் எழுதப்படும் ஒவ்வொரு செய்தியையும் நோக்கி மாணவன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். இதைச் சொன்னவர் யார்? நிகழ்ச்சி நடந்து எவ்வளவு காலத்துக்குப் பின் சொன்னார்? யாருக்காகச் சொன்னார்? இம்மூன்றுக்கும் விடை கிடைக்குமாயின் இடப்பக்கத்தில் எழுதப்படும். கிடையாவிடின் அவ்விடம் வெறுமையாக விடப்படும். வெறுமையாக விடப்பட்ட இடத்துக்காக எந்த மாணவனும் கண்டிக்கப்படலாகாது. இடப்பக்கம் முழுவதும் நிரம்பியிருக்கும் கொப்பியைக் கண்டால்தான் ஆசிரியர் சற்று ஐயுறவேண்டும்.

இரண்டாவது காலக்கோடு. வகுப்பறைச் சுவரின் நீளத்துக்குத் தடித்த காகிதப் பட்டி ஒன்றை ஒட்டி, ஒரு நூற்றாண்டுக்கு 10 சென்ரிமீற்றர் என அளந்து கோடிடுதல் பெரிய செலவில்லாத காரியம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு தொடக்கம் இன்றுவரை ஏறத்தாழ இரண்டரை மீற்றர் நீளம் வரும். கி.மு. 1ஐ அடுத்துக் கி.பி. 1 வருகின்றது, இடையிலே சுழிய ஆண்டு என ஒன்று இல்லை என்பதை மாணவர் இங்கேதான் முதன்முதலாகக் கண்டு வியப்பர். அக்கோட்டின் பயன் அழகில் இல்லை, அளப்பதில் உள்ளது. எல்லாளன் வீழ்ந்ததாக வழக்கமாகக் கொள்ளப்படும் ஆண்டு கி.மு. 161. அப்போரை விரித்துரைக்கும் மகாவம்சத்தின் முற்பகுதி இயற்றப்பட்டது ஏறத்தாழக் கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளின் எல்லையில். இவ்விரண்டுக்கும் இடையே அடிமட்டத்தை வைத்தால் 65 சென்ரிமீற்றருக்கு மேல் வரும். போர்த்துக்கேயர் இந்நாட்டுக்கு வந்த காலத்துக்கும் இன்றைக்கும் இடையே அளந்தால் 52 சென்ரிமீற்றர் அளவிலேயே நிற்கும். போர்த்துக்கேயர் நமக்கு எவ்வளவு தொலைவோ, அதனினும் கூடிய தொலைவில் எல்லாளனிடமிருந்து அந்நூலாசிரியர் இருந்தார் என்பது, பத்து விரிவுரைகளால் விளங்காதது, ஓர் அடிமட்டத்தால் விளங்கிவிடுகின்றது.

அதே கோட்டில் ஆண்டுகளை எழுதும்போது வேறொரு பழக்கத்தையும் ஊட்டலாம். உறுதியான ஆண்டுகளைப் பேனையாலும், ஐயத்துக்கு இடமான ஆண்டுகளைப் பென்சிலாலும் எழுதுவதே அது. கண்டி உடன்படிக்கையின் 1815 மார்ச்சு 2 பேனைக்கு உரியது. போர்த்துக்கேயர் முதன்முதல் வந்த ஆண்டு 1505 எனப் பாடநூல்கள் கூறும். 1506 எனக் கொள்ளும் ஆராய்ச்சியாளரும் உளர். ஆகவே அது பென்சிலுக்கு உரியது. பரீட்சையில் எதை எழுதுவது என்று மாணவன் கேட்பான். பாடநூல் கூறுவதை எழுது, ஆனால் பென்சிலால் எழுதியதை மறவாதே என்பதே நேர்மையான விடை.

தேசப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை போதும். வாரம் ஒருமுறை வெறும் புறவரைத் தேசப்படத்தில் ஐந்து இடங்களைக் குறிக்கும் பழக்கம் இருப்பின், பரீட்சைக்கு முதல்நாள் இரவு அதற்கெனக் கண்விழிக்க வேண்டியதில்லை.

இனி, மூலச் சான்றை வகுப்பிற்குக் கொண்டுவரும் முறை. இதுவே வரலாற்று வகுப்பின் உயிர்நாடியாகும். ஆயினும் பாடத்திட்டம் நீளமானது, நேரம் போதாது எனக் கூறி ஆசிரியர்கள் முதலிற் கைவிடுவதும் இதனையே. ஒரு தவணைக்கு இரண்டு பாடவேளைகள் ஒதுக்கினாற் போதும். 40 நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் சான்று எங்கே கிடைத்தது என்பதைச் சொல்லவும், பத்து நிமிடம் ஒவ்வொருவரும் வாய்திறவாது வாசிக்கவும், பதினைந்து நிமிடம் நால்வர் கொண்ட குழுவாக ஆராயவும், எஞ்சிய பத்து நிமிடம் எழுதவும் செலவாகும். வாசிக்கும் பத்து நிமிடத்தில் ஆசிரியரும் வாய்திறத்தலாகாது. இது மாணவரைவிட ஆசிரியருக்கே கடினமான விதி.

இத்தகைய பாடவேளைக்கு நயினாதீவுக் கல்வெட்டு மிகப் பொருத்தமானது. முதலாம் பராக்கிரமபாகு 1153 தொடக்கம் 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆண்டவன். அவனுடைய ஆணை ஒன்று நயினாதீவிலே தமிழிற் பொறிக்கப்பட்டுக் கிடக்கின்றது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் அது கூறுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோயின் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியவை. பிற வணிகப் பொருள் ஏற்றிவந்த கலம் உடைந்தாற் சரிபாதி பண்டாரத்துக்குச் சேரும். இவ்வளவையும் மாணவர் வாசித்தபின் ஆசிரியர் கேட்கத்தக்கவை இரண்டே கேள்விகள். பொலனறுவை மன்னன் ஏன் இதைத் தமிழில் எழுதுவித்தான்? யானை குதிரைக் கலங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

இரண்டாவது கேள்விக்கு விடை விரைவில் வந்துவிடும். படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொண்டுவரும் வணிகனை மன்னன் இழக்க விரும்பவில்லை என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். முதலாவது கேள்வியில் வகுப்பு நெடுநேரம் நிற்கும். படிப்பவர் தமிழர் என்பதாலா, வணிகத்தின் மொழி தமிழ் என்பதாலா, அப்பகுதி அதிகாரிகளின் மொழி அதுவாக இருந்ததாலா? மொழியைக் கொண்டு ஒரு மன்னனை இன்னார் பக்கம் எனப் பிரித்துவிடும் இன்றைய பழக்கம் அக்கல்லின் முன் சற்றுத் தடுமாறும். அத்தடுமாற்றமே அன்றைய பாடம்.

மற்றொன்று காலியிற் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. 1911ஆம் ஆண்டில் அகப்பட்ட அக்கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொணர்ந்து நிறுவிய அது 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. சீனப் பகுதி புத்தரைப் போற்றிக் காணிக்கை செலுத்துகின்றது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையிற் கோயில்கொண்ட தென்னாவர நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இசுலாமிய மரபைச் சார்ந்து நிற்கின்றது. காணிக்கைப் பொருள்களோ பெரும்பாலும் ஒத்தவை. வகுப்பை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மொழியின் மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்து, அக்கல் எதற்காக நாட்டப்பட்டது என எழுதச் சொல்லவேண்டும். மூன்று விடைகளும் மூன்று விதமாக இருக்கும். பிறகுதான் அவை மூன்றும் ஒரே கல் என்பதை வெளியிடவேண்டும். அதன்பின் இன்னும் ஒரு செய்தி உண்டு. காணிக்கை கூறும் அக்கல் குறிக்கும் ஆண்டுக்கு இரண்டு ஆண்டுகள் கழியுமுன்னரே அதே செங் ஹோவின் படைக்கும் அழகேசுவரனுக்கும் போர் மூண்டு, அழகேசுவரன் சிறைப்பட்டுச் சீனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். கல் பொய் சொல்லவில்லை. தன்னை நாட்டியவன் சொல்லச் சொன்னதை மட்டுமே சொல்லிற்று.

விவாதத்துக்கும் விதி வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடலாகாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. மறுத்துப் பேச எழுபவர், முதலிற் பேசியவரின் கருத்தை அவரே ஏற்கும்படி ஒரு வாக்கியத்திற் சொல்லிய பின்னரே தம் மறுப்பைத் தொடங்கவேண்டும் என்பது இரண்டாவது விதி. இஃது ஒன்றே வகுப்பின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். மூன்றாவது விதி சிறியது போலத் தோன்றினும் மிக இன்றியமையாதது. பழங்காலத்து மன்னரையும் படைகளையும் குறிக்க 'நாங்கள்', 'எங்களுடைய', 'அவர்கள்' என்னும் சொற்களைப் பயன்படுத்தலாகாது. எல்லாளன் படை என்று சொல்லலாம், எங்கள் படை என்று சொல்லலாகாது. துட்டகைமுனு வென்றான் என்று எழுதலாம், அவர்கள் வென்றார்கள் என்று எழுதலாகாது.

இவ்விதி ஏன் என்பதை நாட்டின் அண்மைக்காலம் அறிந்தோர்க்கு விளக்கவேண்டியதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய போர் ஒன்றை நேற்று நடந்ததைப் போலக் கற்பித்ததன் விலை இந்நாட்டிற் பெரிது. ஒரு பிள்ளை சிங்கள மொழி வகுப்பில் அதை ஒரு வெற்றிக் கதையாகவும், மற்றொரு பிள்ளை தமிழ் மொழி வகுப்பில் அதை ஒரு தோல்விக் கதையாகவும் கேட்டு வளருமாயின் இருவரும் வரலாறு படித்தவர் ஆகார். இருவரும் படித்துப் பார்க்கவேண்டியது நூல் உண்மையில் என்ன சொல்கின்றது என்பதையே. எல்லாளன் 44 ஆண்டுகள் நண்பரென்றும் பகைவரென்றும் பாராது நீதி செலுத்தினான் என மகாவம்சமே கூறுகின்றது. வீழ்ந்த எல்லாளனுக்குத் துட்டகைமுனு நினைவிடம் எழுப்பி வழிபாடு வகுத்தான் என்றும், அவ்விடத்தைக் கடக்கும் மன்னர் வாத்திய முழக்கத்தை நிறுத்தினர் என்றும் அதே நூல் கூறுகின்றது. துட்டகைமுனு தன் சொந்தத் தம்பி சத்தாதீசனோடு போரிட்டதும் அதில் உண்டு. எல்லாளனின் மகன் தேர்க்காலில் இளங்கன்று ஒன்று மாண்டதும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததும், அரசன் மகனையே தண்டித்ததும் அதில் உண்டு.

இவ்விறுதிக் கதையைக் கேட்டதும் தமிழ் வகுப்பின் பிள்ளைகள் 'இது மனுநீதிகண்ட சோழன் கதையல்லவா' என்று கூவுவர். கூவட்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணம் அக்கதையைத் திருவாரூரில் வைத்துச் சொல்கின்றது. ஒரே கதை இரண்டு அரசர்களைப் பற்றி இரண்டு நாடுகளில் வழங்குமாயின், அதிலிருந்து என்ன கொள்ளலாம்? எல்லாளனே அச்சோழனா? நீதியுள்ள அரசன் என்றாலே சொல்லப்படும் கதையா? கடலைக் கடந்து சென்ற கதையா? ஆசிரியர் விடையைத் தன் பையில் வைத்திருப்பவர் போல நிற்கலாகாது. இதற்கு முடிந்த விடை இல்லை என்று சொல்லிவிடுதலே முறை.

அதே நேர்மை மறுபக்கத்திலும் வேண்டும். மகாவம்சத்தை நோக்கி யார், எப்போது, யாருக்காக எனக் கேட்கும் மாணவன் யாழ்ப்பாண வைபவமாலையை நோக்கியும் அதையே கேட்கவேண்டும். மயில்வாகனப் புலவர் அதனை எழுதியது பதினெட்டாம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சியில், ஓர் ஒல்லாந்த அதிகாரியின் விருப்பத்தின்பேரில். யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் முற்றாக வீழ்ந்தது 1619இல். ஆகவே அவ்வரசின் தொடக்கத்தைப் பற்றி அந்நூல் சொல்வனவும் நெடுந்தொலைவிலிருந்து சொல்லப்பட்டனவே. பிறர் நூலை மட்டும் ஐயுற்றுத் தன் நூலைக் கும்பிடும் வகுப்பு, வரலாற்று வகுப்பன்று.

அண்மைக்காலத்தை எடுக்கும்போது ஒழுங்குகள் இன்னும் இறுக்கமாதல் வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டம், 1956இன் மொழிச் சட்டம், 1958, 1983, போர் முடிந்த 2009 என்பவை பாடநூற் பக்கங்கள் மட்டுமல்ல. வகுப்பிலிருக்கும் பிள்ளையின் வீட்டில் அவற்றுள் ஒன்று மாலையிட்ட படமாகச் சுவரில் தொங்கலாம். ஆகையால் எந்தப் பிள்ளையும் தன் குடும்பத்தின் கதையை வகுப்பிற் சொல்லும்படி கேட்கப்படலாகாது. தானாகச் சொல்ல முன்வந்தால் தடுக்கலுமாகாது. சொல்லப்பட்டதற்குப் புள்ளியிடுதல், திருத்துதல், விவாதித்தல் ஆகிய மூன்றும் கூடா. மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தாற் போதும்.

முதியோரைக் கண்டு கேட்டெழுதும் ஒப்படை கொடுக்க விரும்பும் ஆசிரியர், காயத்தைத் தொடாத பொருளிலிருந்து தொடங்குதல் நன்று. யாழ்தேவிப் புகைவண்டி அதற்கு ஏற்றது. 1956இல் ஓடத் தொடங்கிய அவ்வண்டி 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்று, 2014இல் மீண்டும் வந்து சேர்ந்தது. அதிற் பயணஞ் செய்த தாத்தாவையோ பாட்டியையோ கண்டு, எந்த ஆண்டு, எங்கிருந்து எங்கே, எதற்காகப் போனீர்கள், கையில் என்ன கொண்டுபோனீர்கள் எனக் கேட்டெழுதலாம். பேசுபவரின் இசைவை முதலிற் பெறுதல் வேண்டும். அவர் விரும்பாவிடின் பெயரை எழுதலாகாது. அவர் சொன்ன ஆண்டு தவறெனத் தோன்றினாலும் அவர் முன்னிலையிற் திருத்தாது, சொன்னபடி எழுதிப் பக்கத்தில் ஒரு குறியிடுதல் வேண்டும். வண்டியில் ஏறிய கதை சில நிமிடத்தில் வேறு கதையாக மாறக்கூடும். அப்போது பேனையைக் கீழே வைத்துவிடும் பண்பை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தல் ஆசிரியரின் கடன்.

வீட்டிலுள்ள பழைய உறுதி, கடிதம், படம் முதலியவற்றை வகுப்புக்குக் கொண்டுவரலாகாது. அவற்றைப் பார்த்துப் பிரதி எழுதிக்கொண்டு வந்தாற் போதும். எழுதும்போது அருகில் மை இருத்தலாகாது, பென்சிலே இருத்தல் வேண்டும். ஆவணக் காப்பகங்களிலும் இதுவே விதி. இவ்வளவு கவனம் எதற்கென்று ஒரு பிள்ளை கேட்குமாயின், 1981 சூன் முதலாம் நாளின் விடியற்பொழுதில் எரிந்துகொண்டிருந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தைச் சுட்டிக்காட்டலாம். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறு பிரதி இல்லாதவையும் இருந்தன. ஒரு வீட்டு அலுமாரியில் எஞ்சியிருக்கும் ஒற்றைத் தாளுக்கும் இன்று மதிப்புண்டு.

விடையெழுதும் முறையிலும் எதிர்பார்ப்பு முன்பே தெளிவாக்கப்படல் வேண்டும். மாணவர் பெரும்பாலும் விடையைப் பெயரடைகளால் நிரப்புவர். மாபெரும், ஒப்பற்ற, கொடிய என்னுஞ் சொற்களை நீக்கிய பின் என்ன எஞ்சுகின்றதோ அதற்கே புள்ளி எனச் சொல்லிவைத்தால் இந்நோய் ஒரு தவணையிற் தீரும். 1931ஆம் ஆண்டு வடக்கில் நடந்த தேர்தற் பகிஷ்கரிப்பைப் பற்றி ஒரு வினா என்க. 'யாழ்ப்பாண மக்கள் வீரத்துடன் எதிர்த்தனர்' என்பது விடையன்று. டொனமூர் அரசியலமைப்பு அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. ஆனால் முழுத் தன்னாட்சி அளிக்கவில்லை. அதனால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. வடக்கின் நான்கு தொகுதிகள் வெறுமையாயின. 1934இலேயே அவை நிரம்பின. இவ்வைந்து வாக்கியங்களும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன. அதுவே விடை. அது சரியான முடிவுதானா என்று மாணவன் மேலும் எழுதுவானாயின், எப்பக்கம் நின்றாலும் புள்ளி உண்டு. சான்று இன்றி நின்றாற் புள்ளி இல்லை.

தனியார் வகுப்புகளில் தரப்படும் அச்சிட்ட குறிப்புகளைப் பற்றிப் பல ஆசிரியர்கள் சினங்கொள்வர். சினத்தாற் பயனில்லை. பிள்ளை அவற்றைப் பையில் வைத்திருக்கட்டும். வகுப்பு நடக்கையில் திறவாதிருத்தல் போதும். கடந்தகால வினாத்தாள்களும் அங்ஙனமே. அவை பதினோராந் தரத்தின் இறுதித் தவணைக்கு உரியவை. முதலிலேயே அவற்றைக் கையிலெடுத்தால், வந்த கேள்விக்கு மட்டும் விடை தேடும் பழக்கம் படிந்துவிடும்.

ஆசிரியரிடம் மாணவர் எதிர்பார்க்க உரிமையுடையனவும் உண்டு. எழுதிக்கொடுத்த விடைத்தாள் ஒரு வாரத்துள் திரும்பி வருதல் வேண்டும். சிவப்புமையில் வெறும் சரி, பிழைக் குறிகள் மட்டும் இருத்தலாகாது, ஒரு வாக்கியமாவது எழுதப்பட்டிருத்தல் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அடுத்த பாடவேளைக்குள் தேடிவருதல் வேண்டும். ஒரு மாணவன் பாடநூலின் பிழை ஒன்றைச் சான்றோடு காட்டுவானாயின், ஆசிரியர் அதை வகுப்பறிய ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

இம்முறையால் பரீட்சைப் பெறுபேறு குறையாதா என்று பெற்றோர் கேட்பது இயல்பே. பல்தேர்வு வினாக்களுக்கு விரைந்து விடையளிக்கும் பயிற்சியும் வேண்டியதுதான். காலக்கோட்டைத் தன் கையால் அளந்த பிள்ளைக்கு நிகழ்ச்சிகளின் முன்பின் ஒழுங்கு தடுமாறுவதில்லை, கல்வெட்டை வாசித்த பிள்ளைக்கு மன்னன் பெயர் மறப்பதில்லை. தவணைப் பரீட்சையில் ஒரு வினாவை மட்டும் மாணவர் முன்பு காணாத சான்றுப் பகுதி ஒன்றிலிருந்து கேட்கலாம். அதற்குப் பத்துப் புள்ளி ஒதுக்கி, யார், எப்போது, யாருக்காக என்னும் மூன்றுக்கும் இரண்டிரண்டாகவும், அச்சான்று எதைச் சொல்லாமல் விட்டது எனக் கண்டதற்கு நான்காகவும் பகிரலாம். முதல் தவணையில் பெரும்பாலோர் அந்நான்கு புள்ளியையும் இழப்பர். மூன்றாந் தவணையில் அவ்விழப்பு எவ்வளவு குறைந்தது என்பதை இடாப்பின் ஓரத்தில் ஆசிரியர் குறித்துவைத்து, பெற்றோர் கூட்டத்தில் மொத்தப் புள்ளியோடு சேர்த்து வாசிக்கலாம்.